மூட்டையில் என்ன எரு

மைமூன் காலை ஆறே முக்காலுக்கு லிஃப்டிலிருந்து இறங்குவாள். ஏழு மணிக்குத் தொழிற்சாலை வேன் வந்துவிடும். நடுவில் கிடைக்கும் கால்மணி நேரத்தில் கீரை வாங்குவாள், நாலு வார்த்தை பேசுவாள், போய்விடுவாள். மரியஅந்தோணிக்கு ஒரு நாள் என்றால் அந்தக் கால்மணி நேரம்தான். மிச்சமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் சும்மா கிடந்தது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. செம்பவாங் கடற்படைத் தளத்துக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போனான். மூன்று வருடம் கழித்து மனைவி பிரிஜட்டும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை கிடையாது. உட்லண்ட்ஸில் ஓரறை வாடகை வீடு கேட்டபோது, தனியாளுக்கு இல்லை, இரண்டு பேராக வா என்றார்கள். கோயிலில் முகம் தெரிந்த ஜார்ஜைச் சேர்த்துக்கொண்டார். ஜார்ஜுக்கு ஏதோ கட்டடத்தில் இரவுக் காவல். இவர் எழுந்திருக்கும் நேரத்துக்கு அவர் வந்து படுப்பார். இவர் படுக்கும் நேரத்துக்கு அவர் சட்டை மாட்டுவார். ஒரே அறையில் ஏழு வருடம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஜொகூருக்குப் போகும் ரயில் தடம். தடத்தை ஒட்டி லாலாங் புல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. நிலம் ரயில்வேயுடையது. அங்கே முதலில் மண்வெட்டி போட்டவர் வடிவேலு. லாரி ஓட்டுகிறவர், வாய் நீளம், கையும் நீளம். "கேட்டா விட்டுடுவோம். கேக்குற வரைக்கும் நடுவோம் லா" என்றார். யாரும் வந்து கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஏழு பேருடைய பாத்திகள் தடத்தோரம் நீண்டுவிட்டன. தண்டுக்கீரை, கங்கோங் கீரை, பொன்னாங்கண்ணி, பயற்றங்காய், வெண்டை.

ஏழு பேரும் ஒரு முடிவு செய்திருந்தார்கள். வெளியே விற்பதில்லை. விளைந்ததெல்லாம் அங்கே இருந்த மூன்று ஓரறை வீட்டுப் புளோக்குகளுக்கு மட்டும். சந்தைக் கீரையை மத்தியானம் கடை கட்டும்போது வாடிய பிறகு வாங்குகிற சனம் அது. கீழ்த்தளத்துப் பெஞ்சில் விடிந்ததும் கட்டுகளை அடுக்கிவிடுவார்கள். கட்டு பத்து காசு. பக்கத்தில் மைலோ டின். போட்டாலும் சரி, நாளைக்குப் போட்டாலும் சரி. பெஞ்சைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மரியஅந்தோணி தானாகவே எடுத்துக்கொண்டார். மற்ற ஆறு பேருக்கும் காலையில் வேறு வேலை இருந்தது.

"என்னண்ணே, கட்டு இளைச்சுப் போயிருக்கு? உங்கள மாதிரியே" என்பாள் மைமூன்.

"மழை இல்லம்மா."

"மழை மேல பழியப் போடாதீங்க. ரத்தினம்மா அக்கா கட்டு மட்டும் எப்படிக் குண்டா இருக்கு?"

"அவங்க வேரையும் சேத்துக் கட்டுறாங்க."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. நாளைக்கு என் பாத்தியில உப்புத் தண்ணி ஊத்திட்டுப் போவாங்க."

அவள் சிரிப்பாள். பிறகு சூப்பர்வைசரைத் திட்டுவாள், மாமியாரின் கால் வலியைச் சொல்வாள், மூத்தவள் கணக்கில் தோற்றதைச் சொல்வாள். கணவர் ஒலி முகம்மது தேக்கா சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறவர். அவர் தூங்கி எழுவதற்குள் இவள் போய்விடுவாள், இவள் வருவதற்குள் அவர் போய்விடுவார். "ஒரு வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி" என்பாள். மரியஅந்தோணி தலையாட்டுவார். அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

எருவைக் கொண்டுவந்தது வடிவேலுவின் லாரி. அவர் சுவா சூ காங் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப் போவார். திரும்பி வரும்போது, காய்ந்த பன்றி எருவைக் கோணிப்பையில் கட்டி ஏற்றி வருவார். மாதம் எட்டு மூட்டை. காசு கிடையாது. அதைப் போட்ட மூன்றாம் வாரமே தண்டுக்கீரை இலை ஆளின் கையகலம் விரிந்தது.

இதை யாரும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தோட்டக்காரர்களில் மூன்று பேர் சீனர், மூன்று பேர் இந்து, ஒருவர் கத்தோலிக்கர். முஸ்லிம் ஒருவர் இருந்திருந்தால் முதல் மூட்டை இறங்கிய அன்றே பேச்சு வந்திருக்கும். இல்லை. பெஞ்சில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலாய்க்காரர்களும் தமிழ் முஸ்லிம்களும்தான். அவர்கள் சரிவில் இறங்கி வந்து பார்த்ததில்லை. சுத்தமாகக் கழுவிக் கட்டிய கீரையைத்தான் பார்த்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருடம் ஜூன் மாதம். நோன்பு தொடங்க ஒரு வாரம் இருந்தது.

"அண்ணே, இந்த வருஷம் நோன்புக் கஞ்சி நம்ம புளோக்குக்குக் கீழயே" என்றாள் மைமூன். "மூணு புளோக்குக்கும் ஒரே சட்டி. பொறுப்பு எங்கிட்ட விட்டுட்டாங்க. புதினா, ரம்பை இலை, முருங்கைக்கீரை எல்லாம் உங்க தோட்டத்துலதான். ஒரு காசுக்குக்கூட கடைக்குப் போக மாட்டேன்."

"எல்லாம் தர்றேன். காசு வேணாம்."

"காசு குடுப்பேன்னு யாரு சொன்னா?"

அவர் அன்று மண்டியிட்டு உட்கார்ந்து புதினாப் பாத்திக்கு மேலும் ஒரு கூடை எரு போட்டார். சீக்கிரம் தழைக்கட்டும் என்றுதான். அந்தக் கை என்ன செய்கிறது என்று அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், வேலை விட்டு வந்த மைமூன் நேராகச் சரிவில் இறங்கி வந்தாள். தோட்டத்துக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை. மத்தியானம் மழை பெய்திருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாகப் பார்த்தாள்.

"யம்மா, ரயிலடியில இவ்வளவு இருக்கா! நான் என்னமோ நாலு தொட்டின்னு நெனச்சேன்."

"முருங்கை அந்தப் பக்கம் இருக்கு" என்றார் வடிவேலு. அவர் அன்றைய மூட்டைகளை அப்போதுதான் இறக்கி வரிசையாக வைத்திருந்தார். நனைந்த கோணி.

"காலு விட்டுப் போச்சுண்ணே. காலையிலேருந்து நின்னுக்கிட்டே வேலை." சொல்லிக்கொண்டே மைமூன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

மரியஅந்தோணி புதினா அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக உறைக்காதது, அவள் சேலை அந்த ஈரக் கோணியில் பட்டதும் உறைத்தது. அவர் வாயைத் திறந்தார்.

மைமூன் மூட்டையைத் தட்டினாள். "இது என்ன எரு? இந்தத் தழை தழையுது?"

"கோழி எரு" என்றார் வடிவேலு. ஒரு நொடி தாமதமில்லை.

"அதான பாத்தேன். எங்க வாப்பாவும் ஊருல கோழி எருதான் போடுவாங்களாம்."

மரியஅந்தோணி வாயை மூடிக்கொண்டார். அவள் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். கஞ்சிக்கு எத்தனை படி அரிசி என்று கணக்குச் சொன்னாள். அவர் புதினாவை நனைத்த துணியில் சுற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். சேலையின் பின்பக்கம் ஈரம் வட்டமாகத் தெரிந்தது.

"ஏன்யா அப்படிச் சொன்ன?" என்றார் மரியஅந்தோணி.

"வேற என்ன சொல்லச் சொல்ற? எழுந்திரும்மா, நீ உக்காந்திருக்கிறது பன்னிப் பீன்னா?"

"அவங்களுக்கு அது ஆகாது வடிவேலு."

"பன்னி ஆகாது. கீரை ஆகும். பன்னி தின்னது என்னவோ, மண்ணு தின்னது என்னவோ, கீரை கீரைதான். ரெண்டு வருஷமாத் திங்கிறாங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"கஞ்சியில போடப் போறாங்க. நோன்பு தொறக்கிற கஞ்சி."

"போடட்டும். அடுத்த மாசத்துலேருந்து நெசமாவே கோழி எரு கொண்டாறேன். முடிஞ்சுபோச்சா? இப்பப் போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தி கீழ எறங்க மாட்டா. இந்தத் தோட்டமே போச்சு. ரத்தினம்மா, ஆ ஹுவாட், எல்லாரும் உன்னத்தான் கேப்பாங்க." அவர் பீடியைப் பற்றவைத்தார். "மனசு உறுத்துதுன்னா உங்க சாமியார்கிட்ட போய்ச் சொல்லு. அவரு யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம்ல? நல்ல ஏற்பாடு."

வடிவேலு சொன்னதில் தப்பு எதுவும் மரியஅந்தோணிக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் நாளைக்கும் அவள் வருவாள், கட்டு இளைத்துவிட்டது என்பாள். சொன்னால் அது நின்றுவிடும். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அதுதான் தொல்லையாக இருந்தது. அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு, அவளை எதிரே நிற்கவைத்துச் சிரிக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு ஐந்தாவது மாடிக்குப் போனார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. மைமூன் தரையில் உட்கார்ந்து பெரிய பேசினில் புதினாவை அலசிக்கொண்டிருந்தாள். ஒலி முகம்மது பாயில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே! ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? இவங்களே, எழுந்து பாயப் போடுங்க."

"இல்லம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்." அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "அது கோழி எரு இல்ல. பன்னி எரு."

மைமூன் அவரைப் பார்த்தாள். பிறகு பேசினைப் பார்த்தாள். தண்ணீருக்குள் இருந்த இரண்டு கையையும் மெதுவாக வெளியே எடுத்தாள். துடைக்கவில்லை. முழங்கால்மேல் வைத்துச் சொட்டவிட்டாள்.

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாங்க பன்னி தொட மாட்டோம்னு தெரியாதா?"

"தெரியும்மா. ரெண்டும் தெரியும். ரெண்டையும் சேத்து நெனச்சுப் பாக்கல. கீரையக் கீரையாத்தான் பாத்தேன்."

ஒலி முகம்மது பேப்பரை மடித்தார். "சரி, தெரியாம நடந்துபோச்சு. பள்ளிவாசல் ஆலிம்சாகிட்ட கேப்போம். மனுஷன் வந்து சொன்னாரே" என்றார்.

மைமூன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "நேத்து நான் அந்த மூட்டை மேல உக்காந்திருந்தேன்" என்றாள்.

"ஆமா."

"நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"அவரு பொய் சொன்னாரு. அவரு லாரிக்காரரு, அவர நான் கேக்கல. நீங்க ஏண்ணே வாயத் தொறக்கல?" குரல் ஏறவில்லை. "அதே சேலையோட வந்து மஃரிப் தொழுதேன். என்னை எழுப்பி விட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை போதுமே. எழுந்திரு மைமூன்னு."

உண்மையான பதில் ஒன்று இருந்தது. எழுப்பினால் நீ போய்விடுவாய் என்று பயந்தேன் என்பது. அதை ஒரு கல்யாணமான பெண்ணிடம், புருஷன் முன்னால், வாசலில் நின்று சொல்ல முடியாது. சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். வேறு மாதிரி எதுவும் இல்லை. காலையில் ஒரு ஆள் வந்து பேசியது, அவ்வளவுதான்.

"போயிட்டு வர்றேம்மா" என்றார்.

மத்தியானத்துக்குள் மூன்று புளோக்குக்கும் தெரிந்துவிட்டது. நடைபாதைகளில் சட்டி பானை வெளியே வந்தது. பன்றி பட்டது என்றால் சாதாரணமாகக் கழுவினால் போதாது. ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். கீரை சமைத்த சட்டிக்கு அது வேண்டுமா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. பெண்கள் சேலையையும் பலகையையும் கத்தியையும் எடுத்துப் போட்டார்கள். ஆனால் மண் வேண்டுமே. ஐந்தாம் மாடியிலும் எட்டாம் மாடியிலும் மண்ணுக்கு எங்கே போவது? கீழே ரயிலடியில் ஏக்கர் கணக்கில் மண் கிடந்தது. அந்த மண்தான் ஆகாது.

மரியஅந்தோணி ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். தன் மண்வெட்டி இல்லை; கடையில் புதிதாக வாங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டில் புல்லைச் சீவிவிட்டு, சிவப்பு மண்ணைத் தோண்டினார். வாளியும் புதிதுதான். நிரப்பிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனபோது மைமூன் நடைபாதையில் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்து மேட்டு மண்ணும்மா. சுத்தமானது. வாளியும் புதுசு."

அவள் வாளியைப் பார்த்தாள். மண் நன்றாகத்தான் இருந்தது.

"வேணாம்ணே. இவங்க போயிருக்காங்க எடுத்துட்டு வர."

"இது இருக்கே."

"நீங்க சுத்தம்னு சொல்றீங்க" என்றாள். சேலையை மறுபடி தண்ணீரில் போட்டாள்.

அவர் வாளியோடு இறங்கினார். மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் அதே மேட்டுக்குப் போய், தோண்டிய குழியிலேயே கொட்டி, மிதித்துவிட்டு வந்தார்.

அடுத்த நாளிலிருந்து பெஞ்சில் கட்டுகள் கிடந்து வாடின. முஸ்லிம்கள் மட்டுமில்லை, "என்னத்தப் போட்டு வளக்குறாங்களோ" என்று மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். கஞ்சிச் சட்டி கீழ்த்தளத்தில் அடுப்பேறியது. புதினா தேக்காவிலிருந்து வந்தது. தோட்டத்தில் ரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆ ஹுவாட் தன் பாத்தியைச் சுற்றித் தகரம் அடித்தார். வடிவேலு மட்டும் நேராகப் பேசினார்.

"நீ அவங்களுக்காகச் சொல்லல அந்தோணி. உனக்குத் தூக்கம் வரணும்னு சொன்ன. இப்ப வருதா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்கு என்ன லாபம்?"

வடிவேலுவின் இரண்டு பாத்தியில் அதற்குள் புல் ஏறியிருந்தது. மரியஅந்தோணி அதையும் சேர்த்துப் பிடுங்கினார்.

நோன்பு பாதியில் ஒலி முகம்மது தோட்டத்துப் பக்கம் வந்தார். மேலேயே நின்று பேசினார்.

"ஆலிம்சாகிட்ட கேட்டேண்ணே. எரு பட்டது மண்ணுக்குத்தான், விளைஞ்சது கெடுதல் இல்ல, நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடலாம்னு சொல்றாங்க. சாப்பிட்டதுக்குக் குத்தம் இல்ல. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மைமூன்கிட்ட சொன்னீங்களா?"

"அவதான் உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொன்னா." ஒலி முகம்மது செருப்பு நுனியால் புல்லைத் தேய்த்தார். "நீங்க கெடந்து வருத்தப்படக் கூடாதுன்னு."

"அவங்க வருவாங்களா?"

"தெரியலண்ணே. கேக்கல."

பெருநாள் முடிந்ததும் மரியஅந்தோணி தன் பாத்திகளை முழுக்கப் புரட்டினார். பழைய மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வாரி ரயில் மேட்டின் மறுபக்கம் கொட்டினார். ஒற்றை ஆளாக ஒரு மாதம் ஆயிற்று. நீ சூன் என்ற இடத்தில் ஒரு கோழிப் பண்ணையில் எரு கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவந்தார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டு தடவை டிரைவர் இறக்கிவிட்டார். இறங்கி நடந்தார்.

செப்டம்பரில் மறுபடி பெஞ்சில் எட்டுக் கட்டு வைத்தார். மூன்று போயிற்று. அடுத்த வாரம் ஐந்து. ரத்தினம்மாவும் ஒருநாள் வந்து தன் கட்டுகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் போனாள். எட்டாம் மாடி மலாய்க்கார அம்மா வந்து பயற்றங்காய் எடுத்தாள். ஆளைப் பார்க்காமல் எடுத்தாள், ஆனாலும் எடுத்தாள்.

மைமூன் தினமும் லிஃப்டிலிருந்து இறங்கினாள். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்றார் அவர். அவள் சாலைக்குப் போய்விடுவாள். காலை ஆறே முக்காலுக்கு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும். முன்பெல்லாம் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

டிசம்பரில் ஹலீமா என்று ஒரு பெண் மூன்றாம் மாடிக்குக் குடி வந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் நின்று, ஒரு கட்டை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஏதோ சொன்னாங்களே இந்தக் கீரையப் பத்தி. என்ன எரு போடுறீங்க?"

"கோழி எரு" என்றார் மரியஅந்தோணி.

சொன்ன பிறகுதான் லிஃப்ட் பக்கம் பார்த்தார். மைமூன் இறங்கி நின்றிருந்தாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தபோது விழுந்த அதே வார்த்தை.

ஹலீமா அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, வாங்கலாமா இத?"

மைமூன் பெஞ்சருகே வந்தாள். கட்டைக் கையில் வாங்கி, தண்டை ஒடித்துப் பார்த்தாள். அடியில் மண் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"வாங்கு" என்றாள். "இவரு சொன்னா சரியா இருக்கும். நல்லாக் கழுவிக்க, அவ்வளவுதான்."

ஹலீமா இரண்டு கட்டு எடுத்தாள். டின்னில் காசு விழுந்தது. "நீங்க எடுக்கலையாக்கா?"

"எனக்கு வேணாம்" என்றாள் மைமூன். பிறகு அவரைப் பார்த்து, "வர்றேண்ணே" என்றாள்.

"சரிம்மா."

அவள் சாலையைக் கடந்து போய் நின்றாள். வேன் இன்னும் வரவில்லை. ஹலீமா பொன்னாங்கண்ணி எந்தக் கிழமை கிடைக்கும் என்று கேட்டாள். அவர் சொன்னார். வெண்டைக்காய் உண்டா என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றார். குழந்தைக்குச் சளி, என்ன கீரை கொடுக்கலாம் என்று கேட்டாள். அவள் பேச ஆள் தேடுகிறாள் என்பது அவருக்கு விளங்கிற்று. புது இடம், புருஷன் வேலைக்குப் போயிருப்பான். அந்தக் கால்மணி நேரத்தில் இன்னொருவரை உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"டாக்டரக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் மிச்சக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.